நாற்பது நொடிக் குமிழி

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே நான், வீட்டுக்காரி, பிள்ளைகள் எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அக்காவை எழுதச் சொல்லுங்கள். புள்ளிவிவரக்காரரான உங்களைக் கேட்டால் வலியின் சராசரியைத்தான் சொல்வீர்கள். நலம் விசாரிப்பது இத்துடன் முடிந்தது. இனிமேல் வருவதெல்லாம் மனவருத்தம். கடைசி வரை மரியாதையாகவே எழுத முயல்கிறேன்.

பெயின்ட் கம்பெனியை மூடியபோது நாற்பத்தொன்பது வயதில் நான் முழித்துக்கொண்டு நின்றதும், நீங்கள் உங்கள் கூடப் படித்தவரிடம் சொல்லி எனக்கு இந்தத் தரப் பரிசோதனை வேலையை வாங்கிக் கொடுத்ததும் எனக்கு மறக்கவில்லை. ஆனால் சோப்புக் குமிழி ஊதும் திரவத்துக்குத் தரப் பரிசோதனை என்று ஒன்று உண்டு என்பது அதுவரை எனக்குத் தெரியாது. குமிழி உடையாமல் எத்தனை நொடி இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. எங்கள் முதலாளி, பொம்மைக் கம்பெனியின் கொள்முதல் மேடத்திடம் நாற்பது நொடி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்ததோடு நிற்காமல், திரவம் தயாராகும் முன்பே ‘நாற்பது நொடிக் குமிழி’ என்று லேபிளும் அடித்துவிட்டார். எங்கள் குமிழியோ இருபதைத் தாண்டவில்லை. பதறிப்போய் உங்களுக்குப் போன் செய்தேன். “ஏன் மச்சான் குருட்டாம்போக்குல கலக்கிப் பாக்குற? முறையா சோதனை போடு” என்று சொல்லி, என் கம்ப்யூட்டரில் அந்தப் புள்ளியியல் சாஃப்ட்வேரை ஏற்றவைத்தீர்கள். எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

சோப்பு எவ்வளவு, கிளிசரின் எவ்வளவு, எத்தனை நிமிடம் கலக்குவது என்று மூன்றையும் கொடுத்தேன். அது இருபது கலவைகளுக்கு ஒரு பட்டியல் போட்டு, இந்த வரிசையில்தான் செய்ய வேண்டும் என்றது. ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் இருக்கும் அறையில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, ஒரே நாளில் இருபதையும் முடித்தோம். ஊதியது பேக்கிங் பிரிவு அக்கா; அவருக்கு மூச்சு சீராக வரும், நான் ஊதினால் குமிழிக்குப் பதில் எச்சில்தான் வருகிறது. நான் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்தேன். இரண்டு பெரிய மனிதர்கள் வாயைத் திறக்காமல் ஒரு குமிழியையே பார்த்துக்கொண்டிருந்ததை, சாவி தேடி வந்த கணக்குப்பிள்ளை பார்த்துவிட்டு, சாவியை எடுக்காமலே போய்விட்டார். சாயங்காலம் வீட்டில் இன்றைக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை.

முடிவு வந்தது பாருங்கள், அத்தான், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கணக்கு நம் அளவுகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் ஆர் ஸ்கொயர் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. புதுக் கலவையை ஊகித்தால் எவ்வளவு சரியாக வரும் என்று சொல்கிற இன்னொரு ஆர் ஸ்கொயரும் தொண்ணூற்று நான்கு. சாஃப்ட்வேர் போட்ட கணக்கு, அதாவது மாடல், சொன்னதற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசங்களைப் புள்ளி வைத்துக் காட்டிய படத்தில், ஒரு புள்ளிகூடக் கோட்டை விட்டு விலகி நிற்கவில்லை. கிளிசரினை உச்சத்துக்குக் கொண்டுபோனால் நாற்பத்தொரு நொடி என்றது. படத்தை உங்களுக்கு அனுப்பினேன். “பிரமாதம் மச்சான்” என்றீர்கள். போனை வைக்கும்போது, அதே கலவையில் புதிதாக ஐந்து பாட்டில் போட்டு, சொன்ன நொடி வருகிறதா என்று பார்த்துவிடு என்றும் சொன்னீர்கள். சொன்னது வாஸ்தவம். ஆனால் ஊருக்குக் கிளம்புகிறவனிடம் பத்திரமாகப் போய் வா என்பது போலச் சொன்னால், கேட்கிறவனும் அப்படித்தானே கேட்டுக்கொள்வான்?

அந்த ஐந்து பாட்டிலையும் மேடம் வருகிற நாளில் அவர் முன்னாலேயே போட்டுக் காட்டலாம் என்று முதலாளி முடிவு செய்தார். காலை பத்தே முக்காலுக்கு மேடம் வந்து அதே அறையில் உட்கார்ந்தார். பேக்கிங் அக்கா ஊதினார். முதல் பாட்டில் பத்தொன்பது நொடி. இரண்டாவது பதினெட்டு. மூன்றாவது இருபத்தொன்று. முதலாளி என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன், அக்கா கூரையைப் பார்த்தார். நான்காவது பதினேழு. அந்த நேரம் பார்த்துக் கூட்டித் துடைக்கும் அம்மாள் வாளியோடு உள்ளே வந்தார். பதினோரு மணிக்கு அந்த அறையைத் துடைப்பது அவர் வழக்கம். யார் உட்கார்ந்திருந்தாலும் காலைத் தூக்கச் சொல்வார். மேடமும் தூக்கினார். தரை சொட்டச் சொட்ட நனைந்து, அறையே குளிர்ந்துபோனது. ஐந்தாவது பாட்டிலை ஊதினோம். அந்தக் குமிழி போகவே மாட்டேன் என்று நின்றது. நாற்பத்திரண்டு நொடி. முதலாளி கைதட்டிவிட்டு, ஆரம்பத்தில் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்று மேடத்திடம் விளக்கம் வேறு சொன்னார்.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், அத்தான். சாஃப்ட்வேர் கொடுத்த வரிசைப்படி நான் செய்யவில்லை. அதன்படி போனால் கிளிசரின் அதிகம், குறைவு, மறுபடி அதிகம் என்று ஒவ்வொரு தடவையும் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டியிருந்தது. கழுவுவது யார், நான்தானே? அதனால் குறைந்த கிளிசரினில் ஆரம்பித்து அதிகத்தில் முடித்தேன். அதாவது குறைவானதெல்லாம் காலையில் காய்ந்த தரையில், அதிகமானதெல்லாம் பதினோரு மணிக்கு அந்த அம்மாள் துடைத்துவிட்டுப் போன ஈரத் தரையில். ஈரக் காற்றில் குமிழி சீக்கிரம் காயாது; அந்தக் காற்று செய்த வேலைக்கான பெயரைக் கிளிசரின் தட்டிக்கொண்டு போய்விட்டது. இது அத்தனையும், வாளித் தண்ணீர் என் செருப்பில் தெறித்த அந்த ஒரு நொடியில் எனக்கு உறைத்தது.

பேசாமல் இருந்திருக்கலாம். ஆர்டரில் கையெழுத்துப் போட மேடம் பேனாவை எடுத்துவிட்டார். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை, இன்னும் நிரந்தரமும் ஆகவில்லை. ஆனால் ஊரெல்லாம் பிள்ளைகள் இருபது நொடியில் உடைகிற குமிழியைப் பார்த்துவிட்டு லேபிளைப் பார்ப்பதை நினைத்தேன். வாய் தானாகத் திறந்துவிட்டது.

“மேடம், இந்த நாப்பது நொடி எங்க பாட்டிலோடது இல்ல. இந்த ஈரத் தரையோடது.”

துடைக்கும் அம்மாள்தான் முதலில் பேசினார்: “தொடச்சது தப்பாங்க?”

தப்பில்லை என்றேன். மேடம் பேனாவை மூடிவிட்டு, இரண்டு வாரம் தருகிறேன், உண்மையான நொடியைச் சொல்லுங்கள் என்று எழுந்து போனார். முதலாளி என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. வெகுநேரம் யோசித்துவிட்டு, பாட்டிலோடு ஒரு சின்ன மாப்பும் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று கேட்டார். நிஜமாகத்தான் கேட்டார்.

மறுபடி முதலிலிருந்து செய்தேன். இந்தத் தடவை வரிசையைத் தொடவில்லை. கழுவிக் கழுவி என் விரல்களெல்லாம் ஊறிப்போய்விட்டன. துடைத்த நாளில் பத்துக் கலவை, துடைக்காத நாளில் பத்துக் கலவை என்று இரண்டாகப் பிரித்தேன். துடைக்காத நாளுக்குத் துடைக்கும் அம்மாளைச் சம்மதிக்கவைத்தது தனிக் கதை. அழுக்கைப் பார்த்து யாராவது கேட்டால் தன் தலைதான் உருளும் என்று, என்னிடம் கையெழுத்துப் போட்ட சீட்டு வாங்கிக்கொண்டார். ஆர் ஸ்கொயர் எண்பத்தொன்றுக்கு இறங்கியது. படத்தில் புள்ளிகள் கொஞ்சம் தள்ளாடின. காய்ந்த தரையில் சிறந்த கலவைக்கு, இருபதிலிருந்து இருபத்தெட்டுக்குள் வரும் என்றது. உடனே புதிதாக ஐந்து பாட்டில் கலந்தோம். இருபத்து மூன்று, இருபத்தைந்து, இருபத்திரண்டு, இருபத்து நான்கு, இருபத்தாறு. ஐந்தும் உள்ளே. நானும் பேக்கிங் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். லேபிளில் நாற்பதை அடித்து இருபது என்று போட முதலாளி சம்மதித்துவிட்டார். நேற்று கூப்பிட்டு வேலையை நிரந்தரம் ஆக்கிய கடிதத்தையும் கையில் கொடுத்தார். உங்கள் மேல் இருந்த கோபம் எழுத எழுதத் தீர்ந்துவிட்டது.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு என் ஆசிகள். முழங்காலில் எண்ணெய் தடவிக்கொண்டு, மாடிப்படி ஏறாமல் நீங்கள் நெடுநாள் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சான்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது மேடத்திடமிருந்து போன். மாதிரிப் பாட்டில்களைக் குழந்தைகளிடம் கொடுத்துப் பார்த்தார்களாம். குமிழி உடையாமல் நின்றால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்களாம். அவர்களுக்குக் கை வைத்ததும் படபடவென்று உடைய வேண்டுமாம். எவ்வளவு சீக்கிரம் உடைகிறதோ அவ்வளவு நல்லது என்கிறார். முதலாளிக்கு ஒரே சந்தோஷம். என் நாற்காலியில் தானே உட்கார்ந்து, சாஃப்ட்வேரில் ‘அதிகபட்சம்’ என்பதைக் ‘குறைந்தபட்சம்’ என்று மாற்றி, சோப்பு, கிளிசரின் எல்லாவற்றையும் நாங்கள் சோதித்த எல்லைக்கும் கீழே, பூஜ்யம் வரை இழுத்துவிட்டார். அது கொஞ்சமும் கூச்சப்படாமல் மைனஸ் நான்கு நொடி என்று சொல்லியிருக்கிறது. அதாவது, ஊதுவதற்கு நான்கு நொடி முன்பே குமிழி உடைந்துவிடும். மாடல்தான் சரிபார்த்த மாடலாயிற்றே என்று அவர் லேபிள் அடிக்கச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை மேடம் முன்னால் ஐந்து பாட்டில் போட்டுக் காட்ட வேண்டும். அத்தான், நான் ஸ்டாப்வாட்சை எப்போது அழுத்துவது என்பதை மட்டும் உடனே எழுதுங்கள்.