காற்றில் போட்ட நாற்காலி

இனிமேல் நான் யாரிடமும் எதையும் கேட்கப்போவதில்லை. மனதில் பார்க்கப் போகிறேன். பார்த்தால் வந்துவிடும்.

இந்த மகத்தான தீர்மானத்தை நான் எடுத்தது அலுவலகத்தில், சாப்பாட்டுக்குப் பிறகு, பாதிக் கண் சொருகிய நிலையில். கட்டட வரைபடம் போடுகிற அலுவலகம் எங்களுடையது. குழாய் எங்கே வர வேண்டும், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று கோடு போடுவதுதான் என் பிழைப்பு. எங்களுக்கெல்லாம் உற்சாகம் குறைந்துவிட்டதாக மேலாளரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை ஏற்றிவிட, கோட்டு சூட்டுப் போட்ட பேச்சாளர் ஒருவரை அவர் வரவழைத்திருந்தார்.

கோட்டுக்காரர் சொன்னார்: "உங்களுக்கு என்ன வேண்டுமோ, அதைத் தினமும் காலையில் கண்ணை மூடி மனதில் பாருங்கள். ஏற்கெனவே கிடைத்துவிட்டதாகவே பாருங்கள். தொட்டுப் பாருங்கள். அதற்கு வீட்டில் இடம் ஒதுக்குங்கள். ஆனால் யாரிடமும் சொல்லாதீர்கள். சொன்னால் சக்தி குறைந்துவிடும். எப்படி வரும் என்று கவலைப்படாதீர்கள். அது பிரபஞ்சத்தின் வேலை."

பக்கத்து மேசைக்காரர் அப்போதே கண்ணை மூடி மாடி வீடு பார்க்க ஆரம்பித்துவிட்டார். மேலாளர் பெரிய கார் பார்த்தார். நான் பேராசைக்காரன் இல்லை. ஒரு நாற்காலி பார்த்தேன்.

சாதாரண நாற்காலி இல்லை. கடைத்தெருவில் கண்ணாடிக்குப் பின்னால் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிற நாற்காலி. தடித்த மெத்தை. வலது பக்கம் ஒரு பிடி. அதை இழுத்தால் முதுகு பின்னால் போகும், கால் மேலே வரும். இத்தனை வருஷமாக முதுகில்லாத ஸ்டூலில் உட்கார்ந்து கோடு போட்டவனுக்கு இதைவிடப் பெரிய சொர்க்கம் எதற்கு?

இடமும் தெரியும். எங்கள் கூடத்தில் ஜன்னல் மூலை. காற்றும் வெளிச்சமும் ஒன்றாக வருகிற ஒரே இடம்.

அந்த மூலைக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. என் மனைவி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறாள். தையல் மெஷின் இருப்பது சாப்பாட்டு மேசையில். சாப்பாட்டு நேரம் வந்தால் மெஷினைத் தூக்கிக் கீழே வைப்பாள். சாப்பிட்டு முடிந்ததும் தூக்கி மேலே வைப்பாள். ஒருமுறை என் தட்டில் சட்டைப் பொத்தான் இருந்தது. நான் அதைப் பாதி மென்றுவிட்டேன். "அந்த ஜன்னல் மூலையை எனக்குக் குடுங்களேன்" என்று அவள் கேட்காத வருஷம் இல்லை. "வரைபடப்படி அங்க இடமே இல்லம்மா" என்று நான் சொல்லாத வருஷமும் இல்லை.

பொய் இல்லை. என் பழைய வரைபடச் சுருள்கள் ஓர் அலமாரி நிறைய அங்கே நின்றன. போன தீர்மானத்தின்போது வாங்கிய உடற்பயிற்சி சைக்கிளும் நின்றது. அதில் ஏறி உடற்பயிற்சி செய்ததெல்லாம் என் ஈரப் பனியன்கள் மட்டும்தான்.

மறுநாள் காலை கூடத்தில் ஸ்டூலைப் போட்டு, மூலையைப் பார்த்து உட்கார்ந்து, கண்ணை மூடினேன். சமையலறையில் மனைவி வழக்கம்போல அடுப்புப் பக்கத்துச் சாமி படத்துக்கு முன்னால் கைகூப்பி நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தாள். கும்பிட்டு முடித்து எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, தலை சுத்துதா?"

"இல்லயே."

"பின்ன ஏன் கண்ணை மூடிக்கிட்டு?"

"மனசுல ஒண்ணு பார்க்கிறேன்."

"என்னது?"

"சொல்லக்கூடாது. சொன்னா சக்தி போயிடும்."

"அடுப்புல பால் இருக்கு. அதைக் கண்ணைத் திறந்துதான் பார்க்கணும். கொஞ்சம் வந்து பார்க்கிறீங்களா?"

மகான்களுக்கு ஆரம்பத்தில் இப்படித்தான் இடைஞ்சல் வரும். பாலைப் பார்த்தேன். அதுவும் பொங்கிவிட்டது.

சில நாளில் எனக்கு நன்றாகக் கைவந்துவிட்டது. கண்ணை மூடினால் போதும், நாற்காலி வந்து நிற்கும். மெத்தை வாசனைகூட அடிக்கும். கைப்பிடியைத் தடவுவேன். ஒரு நாள் மனம் அப்படியே ஒன்றிப்போய், வலது கையால் பிடியை இழுத்தேன். முதுகைப் பின்னால் சாய்த்தேன். காலை மேலே தூக்கினேன்.

ஸ்டூலுக்குத்தான் இந்தப் பயிற்சி இல்லை.

மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள்.

"ஐயோ, விழுந்துட்டீங்களா?"

"விழல. சாய்ஞ்சேன்."

"எது மேல?"

"சும்மா."

"சும்மா மேல சாய்ஞ்சா இப்படித்தாங்க ஆகும்."

இடுப்பில் தைலம் தேய்த்துவிட்டாள். தேய்க்கிறபோது மெல்லக் கேட்டாள்.

"வலது கையால எதையோ இழுத்தீங்களே, அது என்னங்க?"

"பிரபஞ்சம்" என்றேன் வலியோடு.

அவள் மேலே எதுவும் கேட்கவில்லை. என் மனைவியிடம் எனக்குப் பிடித்த குணமே அதுதான் என்று அன்றைக்கு நினைத்தேன். அன்றைக்கு.

அடுத்து இடம் ஒதுக்க வேண்டும். சும்மா ஒதுக்கினால் நான் என்ன வரைபடக்காரன்? மனைவியின் தையல் டேப்பை வாங்கி, சாய்ந்த நிலையில் எவ்வளவு, கால் நீட்டினால் எவ்வளவு என்று அளந்து, தரையில் நீல நாடாவைச் சதுரம் சதுரமாக ஒட்டிக் கடைசியில் ஒரு நீள்சதுரத்தில் வந்து நின்றேன். அலுவலகத்தில்கூட இவ்வளவு நேரான கோடு நான் போட்டதில்லை. அதற்குமுன் மூலையைக் காலி செய்ய வேண்டியிருந்தது. என்றாவது தேவைப்படும் என்று காப்பாற்றி வைத்த சுருள்களையெல்லாம் நானே கட்டித் தூக்கிக் கொண்டுபோய்ப் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். காலி அலமாரியை உள்ளறைக்கும் சைக்கிளை வாசல் பக்கமும் தள்ளினேன். மனைவி விளக்குமாற்றோடு நின்று பார்த்தாள்.

"ஏங்க, இந்தக் கோட்டுக்குள்ள பெருக்கலாமா?"

"பெருக்கு. ஆனா உள்ள மிதிக்காதே. சுத்திப் போ."

அன்றிலிருந்து அவள் சுற்றித்தான் போனாள். அதோடு விட்டிருக்கலாம். ஒரு நாள் அலுவலகத்துக்குப் போகிற அவசரத்தில் நான் குறுக்கே கால் வைத்துவிட்டேன்.

"ஏங்க, பார்த்து! உள்ள என்ன இருக்கோ, இடிச்சுக்கப் போறீங்க!"

நானும் சுற்றிப் போனேன். பஸ் போய்விட்டது.

எதிர்வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். செய்தித்தாள் இரவல் வாங்க வருவார். அவரையும் மனைவி வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"அண்ணே, சுத்தி வாங்க. அங்க ஒண்ணு இருக்கு."

"என்னம்மா இருக்கு?"

"அது இவருக்குத்தான் தெரியும்ணே."

கண்டக்டர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சார், சீட்டு காலியாத்தானே இருக்கு?"

"உங்க கண்ணுக்குக் காலி" என்றேன்.

"டிக்கெட் எடுத்தவருக்குத்தான் தெரியும்போல" என்று சொல்லிக்கொண்டே செய்தித்தாளோடு உடற்பயிற்சி சைக்கிளையும் வாங்கிக்கொண்டு போனார். அவர் வீட்டிலும் பனியன்கள் இருக்கும்.

சுவருக்கு வெள்ளை அடித்தேன். ஒரு விளக்கு மாட்ட ஏணியில் ஏறியபோது கீழே இருந்து மனைவி யோசனை சொன்னாள்.

"வெளிச்சம் இடது தோள்மேல விழுந்தா கண்ணுக்கு நல்லதுங்க."

நியாயம். சாய்ந்துகொண்டு படிக்க வசதி. அப்படியே மாட்டினேன்.

"ப்ளக்கைக் கொஞ்சம் கீழ இறக்கினா வயர் கைல தட்டாது."

அதுவும் நியாயம். இறக்கினேன்.

"கோட்டை ஒரு சாண் இந்தப் பக்கம் தள்ளிக்குங்களேன். ஜன்னல் கதவு இடிக்காது பாருங்க."

என்னோடு குடும்பம் நடத்தி நடத்தி இவளுக்கும் வரைபட அறிவு வந்துவிட்டதே என்று பெருமையாக இருந்தது. நாடாவைப் பிய்த்துத் தள்ளி ஒட்டினேன்.

அந்தச் சமயத்தில்தான் வெளியூரிலிருந்து மகள் போன் செய்தாள்.

"அப்பா, உங்க பிறந்த நாள் வருதுல்ல? நானும் தம்பியும் சேர்ந்து பெருசா ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கோம். என்ன வேணும், சொல்லுங்க."

பிரபஞ்சம் இவ்வளவு சீக்கிரம் வேலை செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 'நாற்காலி' என்ற வார்த்தை பல்வரைக்கும் வந்துவிட்டது. மனதுக்குள் கோட்டுக்காரர் விரலை ஆட்டினார். விழுங்கினேன்.

"நான் வாயைத் திறந்து கேட்க மாட்டேம்மா. எல்லாம் தானா வரும். அந்த ஜன்னல் மூலையை நினைச்சுப் பாரு, உனக்கே புரியும்."

"என்னப்பா, விடுகதை போடறீங்க?"

"அளவு அம்மாவுக்குத் தெரியும்."

"சரிப்பா, அம்மாகிட்டயே கேட்டுக்கிறேன்."

போனை மனைவியிடம் கொடுத்தேன். அவள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கையைத் தேய்த்துக்கொண்டேன். கோடு இருக்கிறது, விளக்கு இருக்கிறது, முதுகு வலிக்கிற ஒரு மனுஷன் இருக்கிறான். இதைப் பார்த்து நாற்காலி என்று புரியாதவர் யார்?

பிறந்த நாள் காலையில் வாசலில் வண்டி வந்து நின்றது. மகளும் மகனும் முந்தைய நாளே வந்திருந்தார்கள். இரண்டு ஆட்கள் துணி சுற்றிய எதையோ தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பழகிப்போயிற்று.

"வரட்டும், வரட்டும்... லெப்டுல ஒடிங்க... ரைட்!" என்று கண்டக்டர் குரல். 'தொம்' என்று ஒரு சத்தம்.

"அப்பாடி! கோட்டுக்குள்ள கனகச்சிதமா உட்கார்ந்திடுச்சு" என்றான் மகன்.

மெல்லக் கண்ணைத் திறந்தேன்.

மேசை. தையல் மேசை. நடுவில் மெஷினை இறக்கி வைக்கக் குழி. இரண்டு பக்கமும் இழுப்பறை. விளக்கு வெளிச்சம் சரியாக ஊசி வருகிற இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. ப்ளக் அவள் முழங்கால் உயரத்தில் காத்துக்கொண்டிருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா நான் கேட்டப்பல்லாம் இடமில்லன்னாரு. இப்ப யார்கிட்டயும் மூச்சு விடாம தானே மூலையைக் காலி பண்ணி, வெள்ளை அடிச்சு, விளக்கு மாட்டி... தன் பிறந்த நாள் பரிசையே எனக்குக் குடுத்துட்டாரு."

மகள் என்னைக் கட்டிக்கொண்டாள். "கேட்க மாட்டேன்னு சொன்னப்ப எனக்குப் புரியலப்பா. அம்மா சொன்னப்பதான் புரிஞ்சது. அழுகையே வந்துடுச்சு."

"அப்பா, உங்களை நான் தப்பா நினைச்சிருந்தேன்" என்றான் மகன்.

கண்டக்டர் என் காதோரம் குனிந்தார். "சார், இதை வெளிய சொல்லிடாதீங்க. என் வீட்டுக்காரி காதுல விழுந்தா நானும் ஏதாவது தியாகம் பண்ண வேண்டி வரும்."

இந்தக் கூட்டத்தின் நடுவில், 'இல்லை, எனக்கு ஒரு நாற்காலி' என்று எவன் சொல்வான்? சிரித்தேன். ஸ்டூலிலிருந்து விழுந்தபோதுகூட அவ்வளவு வலிக்கவில்லை.

சாயந்திரம் பிள்ளைகள் வெளியே போயிருந்தார்கள். மனைவி புது மேசையில் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். உட்காரலாம் என்று ஸ்டூலைத் தேடினேன். அதன் மேல்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"இந்தாங்க" என்று ஒரு மெத்தையை நீட்டினாள். புது மேசையில் தைத்த முதல் பொருள். இடுப்பு வருகிற இடத்தில் மட்டும் தடிமனாக இருந்தது.

"எதுக்கு இது?"

"முதுகுக்குங்க. அன்னைக்குப் பின்னால சாய்ஞ்சு, காலைத் தூக்கி, வலது கையால பிடியை இழுத்தீங்களே, அந்தச் சாய்ப்புக்கு அளவு வெச்சுத் தெச்சேன்."

"பிடியா? அப்ப உனக்கு..."

"கடைத்தெருவுல அந்தக் கண்ணாடி முன்னால நீங்க நிக்கிறப்பல்லாம் பையைத் தூக்கிக்கிட்டுப் பக்கத்துல நின்னது யாருங்க?"

"தெரிஞ்சுமா இப்படிப் பண்ணின?"

"நான் எங்கங்க பண்ணினேன்? நானும் தினமும் காலையில கண்ணை மூடிக்கிட்டுத்தான் நின்னேன், இந்த மூலை கிடைக்கணும்னு. நீங்க பிரபஞ்சத்துகிட்ட கேட்டீங்க. நான் சாமிகிட்ட கேட்டேன்."

"சாமி என்ன பண்ணாராம்?"

அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள்.

"வேலைக்கு உங்களை அனுப்பிட்டாரு."

நான் மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தரையில் உட்கார இடம் தேடி நடந்தேன்.

"ஏங்க, கோட்டுக்குள்ள மிதிக்காதீங்க. சுத்திப் போங்க."

சுற்றிப் போனேன்.