சுட்டி என்று நான் எழுதியது

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் நலம். உங்கள் பேத்தி எங்கள் இருவரையும்விட நலம். உங்கள் முழங்கால் வலி தேவலை என்று நம்புகிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறும் அளவுக்குத் தேவலையாக வேண்டாம். கோபித்துக்கொள்ளாதீர்கள், விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று போனில், "பிள்ளைய ரெண்டு தட்டு தட்டினீங்களாமே? அவ துணிமணியெல்லாம் எடுத்து வைங்க, ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் எடுக்கவில்லை, அதனால் கையாலேயே எழுதுகிறேன். மாப்பிள்ளை எனக்குப் புது லேப்டாப் வாங்கி அனுப்பினார் அல்லவா, வினை அங்கேதான் ஆரம்பம். என் பழைய லேப்டாப்பில் எழுத்துப் பொத்தான்களுக்கு நடுவே பட்டாணி அளவில் ஒரு சிவப்புக் குமிழ் இருக்கும். ஆள்காட்டி விரலால் எந்தப் பக்கம் அழுத்துகிறோமோ அந்தப் பக்கம் திரையில் அம்பு போகும். பன்னிரண்டு வருடம் அதை வைத்துத்தான் அச்சகத்துக்குப் பிழை திருத்தினேன், எங்களுக்குள் ஒருநாள்கூட மனஸ்தாபம் வந்ததில்லை. புதியதில் குமிழ் கிடையாது. கைக்குட்டையை மடித்து வைத்த மாதிரி கீழே வழவழவென்று ஒரு சதுரம், அதைத் தடவ வேண்டுமாம். கட்டைவிரல் லேசாக உரசினாலும் அம்பு மூன்று பத்தி தள்ளிப் போய் நிற்கிறது, அடிக்கிற எழுத்தெல்லாம் அங்கே விழுகிறது. ஒரு விவசாயப் புத்தகத்தில் எருவைப் பற்றிய வரி நன்றியுரைக்குள் போய் விழுந்து, ஆசிரியர் தன் மனைவிக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை இரண்டு கூடை எரு வைக்கச் சொல்வதாக ஆகிவிட்டது.

இதைச் சுருக்கி மாப்பிள்ளைக்கு நாலு வரி எழுதினேன். முப்பது வருடம் பிழை திருத்திய கைக்கு அந்தச் சதுரத்தை டச்பேட் என்று எழுத மனம் வரவில்லை. நல்ல தமிழில் 'சுட்டி' என்று போட்டேன். பேத்தியையும் நாம் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம் என்பது அப்போது புத்தியில் உறைக்கவில்லை. "சுட்டி ஓரிடத்தில் நிற்பதில்லை. கை பட்டாலே துள்ளுகிறது. இரண்டு தட்டு தட்டினால்தான் சொன்னதைக் கேட்கிறது. பொறுக்க முடியாமல் அட்டையைப் போட்டு மூடிவிட்டேன். தயவுசெய்து திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்." எழுதியது இவ்வளவுதான். அதை அவர் உங்களுக்குப் போனில் படித்துக் காட்டியிருக்கிறார். தலைமையாசிரியையாக இருந்த நீங்கள், 'துள்ளுகிறது' என்றால் அஃறிணை என்று கவனித்திருக்கக் கூடாதா? இதைச் சொன்னதற்கு என் மனைவி, "குழந்தையையும் அது இதுன்னுதானே சொல்றோம்? டச்பேட்னு எழுதினா கை வெந்தா போயிடும்?" என்று என்மேல் பாய்கிறாள்.

பெண்ணும் மாப்பிள்ளையும் புது ஊரில் வீடு பிடிக்கும்வரை ஒரு மாதம் என்று பேத்தியை இங்கே விட்டுப் போனார்கள். இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. நான் வேலைக்கு உட்கார்ந்தால் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, "தாத்தா, அம்பு ஓடுது, பிடிங்க!" என்கிறாள். அந்தச் சதுரத்தில் இரண்டு விரலை வைத்து அவள் பக்கத்தை இறக்கும் அழகில் என் கோபம் பாதி போய்விட்டது. அவளால் ஒரு தொந்தரவும் இல்லை. இப்போதே அழைத்துப் போனால் அழுதுவிடுவேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். தயவுசெய்து வராதீர்கள்.

பசியும் தூக்கமும் உங்களுக்குக் குறைவில்லாமல் இருக்கட்டும். வீட்டில் அனைவருக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
ஒரு பாவமும் அறியாத உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது உள்ளறையில் ஒரே அலறல். பழைய லேப்டாப்பின் சிவப்புக் குமிழைப் பிடுங்கி மூக்கில் போட்டுக்கொண்டாள். டாக்டர் இரண்டே நிமிடத்தில் எடுத்துவிட்டார், பயப்பட ஒன்றுமில்லை. திரும்பி வந்து நாங்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் புது லேப்டாப்பில் நான்கு எழுத்துப் பொத்தான்களைக் காணோம். ஞாயிறு வரை காத்திருக்காமல், கடிதம் கிடைத்ததும் அடுத்த பஸ்ஸிலேயே வாருங்கள். சுட்டி ஓரிடத்தில் நிற்பதில்லை. இந்த முறை உங்கள் பேத்தியைத்தான் சொல்கிறேன்.