மூன்று கழுத்துகளும் ஒரு மன்னிப்பும்

அன்புள்ள தங்கை மகனுக்கு,

உன் கோபத்துக்கு முற்றிலும் தகுதியான பெரியம்மா எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். நீயும் நலம் என்று உன் அம்மா தொலைபேசியில் சொன்னாள். “ஆனா அக்கா, உங்கிட்ட சொல்ல வேண்டாம்னான்” என்றும் சேர்த்துச் சொன்னாள். இரு தரப்பு நலமும் உறுதியாகிவிட்டபடியால் விஷயத்துக்கு வருகிறேன்.

காப்பீட்டு அலுவலக வேலையை உதறிவிட்டு, ஜெராக்ஸ் கடைக்கு மேலுள்ள வாடகை அறையில் நீ நியூரோ லிங்விஸ்டிக் புரோகிராமிங் சிகிச்சையைத் தொடங்கியபோது, அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பாதி நோய் போய்விடும் என்று கேலி செய்தவள் நான். மனத்தின் பயங்களைச் சொற்களாலும் உடலின் பழக்கங்களாலும் மாற்றியமைக்கலாம் என்றாய். புள்ளியியல் கற்பித்தே நரைத்தவளாகையால், ஆதாரம் எங்கே என்றேன். வேறொருவனானால் அதோடு என் வாசலை மறந்திருப்பான். நீயோ, குணமாகிப் போன ஒரு பெண் மறுபடியும் அழுதுகொண்டு வந்து நின்ற அன்று நேரே என்னிடம் வந்தாய். “நான் செய்யறது உதவுதா, இல்ல உதவுதுன்னு நம்ப வைக்குதா, எனக்கே தெரியல பெரியம்மா. தெரிஞ்சாகணும். முறையா ஒரு ஆராய்ச்சி நடக்க வழி சொல்லுங்க” என்றாய். தன் பிழைப்பையே சோதனைக்கு வைக்கத் துணிந்த ஒருவரை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. அதனால்தான் பல்கலைக்கழக ஆய்வுக்குழுவுக்கு விண்ணப்பம் எழுதித் தந்தேன். ஆதரவு சொல்ல உன்னோடு வரவும் இசைந்தேன்.

எதிரில் இருப்பவர் அமர்வதுபோலவே நாமும் அமர்ந்தால் அவர் மனம் நம்மோடு இணங்கும் என்று, உன் அம்மாவுக்கும், உன்னிடம் மேடைப் பயம் தீர்ந்த தையற்காரருக்கும், எனக்கும் ஒரு மாலை முழுவதும் பயிற்சி கொடுத்தாய். ஆய்வுக்குழுவைச் சந்தித்த அன்று குழுத் தலைவிக்குக் கழுத்துச் சுளுக்கு என்பது யாருக்குத் தெரியும்? அந்த அம்மாள் தலையை இடது தோளில் சாய்த்தபடி உள்ளே வந்தார், உடனே உன் அம்மா சாய்த்தாள், தையற்காரர் சாய்த்தார், பயிற்சியை வீணாக்கக் கூடாதே என்று நானும் சாய்த்தேன். மேசைக்கு இப்பால் சாய்ந்த தலைகள் மூன்று, அப்பால் குழுவினர் நால்வரில் ஒன்று. “என்ன, மூணு பேருக்கும் சுளுக்கா?” என்றார் அவர். “எங்களுக்கு இல்லைங்கம்மா, உங்களுக்கு இருக்கறதால” என்றார் தையற்காரர், மிகுந்த பணிவோடு. அதன்பிறகு அந்த அறையில் மின்விசிறி மட்டும்தான் நம் பக்கம் இருந்தது.

அதையும் சமாளித்திருக்கலாம். நான்தான் உன் முதன்மைச் சாட்சி. பல் மருத்துவர் என்றாலே நடுங்கிக்கொண்டிருந்த என்னை, துணிவாக இருந்த ஒரு தருணத்தை நினைக்கச் சொல்லி, அந்தத் துணிவு அங்கே பதியும் என்று விரல் முட்டியை அழுத்தினாய். துறைத் தலைவரின் மகனைப் பெயிலாக்கிய நாளை நினைத்தேன். மறுநாளே பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். தலைவி கேட்டார்: “பயம் போயிடுச்சா?” போய்விட்டது என்றேன். “இந்த முறையாலதானா?” தெரியாது என்றேன். நீ பதறிப்போய், “பெரியம்மா, நீங்கதானே சொன்னீங்க” என்றாய். அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், மூடவில்லை, “அந்த வாரம் பல்வலி தாங்க முடியலைங்க, வலி பயத்தைவிடப் பெருசாயிட்டா யாரா இருந்தாலும் போய்த்தான் ஆகணும், இதுல முட்டிக்கு எவ்வளவு பங்கு, வலிக்கு எவ்வளவு பங்குன்னு எப்படிப் பிரிக்கறது” என்று, ஏதோ முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுப்பதுபோல அடுக்கிக்கொண்டே போனேன். தலைவி விண்ணப்பக் கோப்பை மூடிவிட்டார்.

பேருந்து நிறுத்தத்தில் நீ ஒன்றுதான் சொன்னாய்: “உண்மையைச் சொன்னது தப்பில்ல பெரியம்மா. எங்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாம்ல?”

சொல்லியிருக்கலாம். நீ முட்டியை அழுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்த பார்வையில் அப்படி ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. அதன்முன் பல்வலியைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. உன்மேல் இரக்கப்பட்டு மறைத்ததை, முன்பின் தெரியாத நால்வர்முன் நேர்மை என்று மார்தட்டிப் போட்டு உடைத்தேன். தெரிந்தாக வேண்டும் என்று கேட்டவன் நீ. தெரிந்ததைச் சொல்லாதவள் நான். நான் சொன்ன பதிலுக்காக வருந்தவில்லை. அதை நீ அங்கே, அவர்களோடு சேர்ந்து கேட்க நேர்ந்ததற்காக வருந்துகிறேன். என்னை மன்னித்துவிடு. இனி உன்னைப் பற்றிய எதையும் உன்னிடம் சொல்லாமல் வேறெவரிடமும் பேச மாட்டேன்.

உன் அறைக்கு வருபவர்கள் தெளிவோடு திரும்பட்டும். உனக்கு உறக்கம் குறையாதிருக்கட்டும். உன் அம்மாவிடம் கழுத்தை நேராக்கிக்கொள்ளச் சொல்.

இப்படிக்கு,
உன் பெரியம்மா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் குழுத் தலைவி தொலைபேசியில் அழைத்தார். ஆதரிக்க வந்தவர்களிலேயே சந்தேகப்படுகிற ஆள் இருப்பதால் ஆய்வை நம்பி நடத்தலாம் என்று குழு முடிவு செய்திருக்கிறதாம். சிகிச்சையில் நம்பிக்கையில்லாத ஒருவர்தான் நடத்த வேண்டுமாம். என்னால் முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சிகிச்சையை வேறொருவர் தரட்டும், முடிவு வரும்வரை நீ ஆய்வு நடக்கும் கட்டடத்துப் பக்கமே வரக் கூடாது என்ற நிபந்தனையையும் நானே சொல்லி, உன்னைக் கேட்காமலே உன் சார்பில் ஒப்புக்கொண்டும் விட்டேன். ஆகையால் மேற்கண்ட மன்னிப்பு செல்லாது. புதிதாக ஒன்று கேட்க நாளைக் காலை நேரில் வருகிறேன், கதவைத் திற.