அம்மனிடம் கேட்ட வீடியோ கேம்

எங்கள் குலதெய்வத்திடம் ஒருமுறை, வீடியோ கேம் வாங்கலாமா என்று கேட்டேன். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. பத்து வயதில் கேட்டிருந்தால் அம்மனே சிரித்துக்கொண்டு விட்டிருப்பாள். (இப்போதும் கோயிலுக்குப் போனால் அவள் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. ஓரமாக நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன்.)

பாளையம்பட்டியில் பைப்பு, மோட்டார் விற்கும் கடை எனக்கு. அப்பா இறந்தபின் என் தலையில் விழுந்தது. கூடப் படித்த செந்தில் பெங்களூருக்கும் கதிர் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். மூன்று பேரும் ஒன்றாகச் சுற்றிய ஊரில் நான் மட்டும் மிச்சம். அவர்கள் இருவரும் கையில் பிடித்து விளையாடும் கேம் மிஷின் ஆளுக்கொன்று வாங்கினார்கள். நடுவில் திரை, இரண்டு பக்கமும் பொத்தான்கள். அவரவர் ஊரில் இருந்தபடியே ஒரே ஆட்டத்துக்குள் போய், பேசிக்கொண்டே விளையாடலாம். ஞாயிற்றுக்கிழமை மதியமானால் இருவரும் உள்ளே போய்விடுவார்கள். சாயங்காலம் எங்கள் மூவருக்குமான வாட்ஸ்அப் குழுவில், ‘பாலத்துல வச்சு கவுத்துட்டியேடா’ என்று வரும். எந்தப் பாலம், யார் கவிழ்ந்தது, ஒன்றும் தெரியாது. நானும் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டு, பாதி ஷட்டர் இறக்கிய கடையில் உட்கார்ந்திருப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குப் பிடிக்கவே இல்லை.

நீயும் ஒன்று வாங்கிவிடு என்றார்கள். வாங்கியிருக்கலாம். ஆனால் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை நான். ஒரு பொருளை வாங்குவதற்கு முன், அதை வாங்காமல் தப்பிக்க என்னென்ன வழி உண்டு என்று பார்ப்பது எங்கள் ரத்தத்தில் ஊறியது. அது ஒரு நல்ல சப்மெர்சிபிள் மோட்டாரின் விலை. மோட்டாராவது தண்ணீர் எடுக்கும். இது கெட்டுப்போனால் மதுரைக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். யூடியூபில் ஒருவர், நீங்கள் அடிக்கடி பயணம் செய்பவர் என்றால் தாராளமாக வாங்கலாம் என்றார். என் பயணம் டவுன் பஸ்ஸில் அருப்புக்கோட்டை வரைக்கும்தான். உட்கார இடம் பிடிப்பதற்குள் இறங்க வேண்டும். மாதக்கணக்கில் இப்படி வாங்கலாம், வேண்டாம் என்று அல்லாடியதில் எனக்கே என்மேல் சலிப்பு வந்துவிட்டது.

எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. தண்ணீருக்குப் போர் போடுவதற்கு முன் பாதிப் பேர் கோயிலில் பூ கட்டிப் பார்ப்பார்கள். பூசாரி ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளியும் இன்னொன்றில் சிவப்பு அரளியும் மடித்து அம்மன் காலடியில் போடுவார். அங்கே இருக்கிற ஏதாவது ஒரு குழந்தை எடுக்கும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் வேண்டாம். (வெள்ளை வந்து போர் போட்டும் தண்ணீர் வராதவர்கள் உண்டு. அவர்கள் அம்மனைக் குறை சொன்னதே இல்லை, என் மோட்டாரைத்தான் சொன்னார்கள்.) இதில் எனக்குப் பிடித்த விஷயம், காரியத்தை மனசுக்குள் நினைத்தால் போதும், யாரிடமும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது, யாரும் கேட்கவும் கூடாது. அதை நம்பித்தான் ஒரு வெள்ளிக்கிழமை திருச்சுழிப் பக்கம் இருக்கும் எங்கள் கோயிலுக்குப் போனேன்.

வெள்ளை வந்தது. சந்தோஷமாகத் திரும்பினால் பின்னால் அத்தை நிற்கிறாள், அப்பாவின் தங்கை. விளக்குப் போட வந்தவள் வெள்ளைப் பூவைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், கண் கலங்கிவிட்டாள். நாலு வருஷமாகக் கல்யாணப் பேச்சைத் தட்டிக் கழித்தவன் தன்னந்தனியாக வந்து பூ பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அண்ணன் இருந்து பார்க்கவில்லையே என்று மூக்கைச் சிந்தினாள். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அழுகிற அத்தையிடம் ‘இது விளையாட்டுச் சாமானுக்கு’ என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. ஒருமாதிரி சிரித்து வைத்தேன்.

நான் வீடு வருவதற்குள் போன் முந்திவிட்டது. அடுப்படியில் அம்மா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பாயசம் வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா போன பிறகு அவள் பாடி அன்றைக்குத்தான் கேட்டேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று பாயசத்தைக் குடித்தேன். மறுநாள் அத்தை ஜாதகத்தோடு வந்துவிட்டாள். அதற்கு மறுநாள் காரியாபட்டியில் பெண் பார்க்கக் கார் பேசியாகிவிட்டது. எங்கள் குடும்பம் இவ்வளவு வேகமாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

பெண்ணின் பெயர் சுபா. மதுரையில் வேலை, தினமும் பஸ்ஸில் போய்வருபவள். இருவரும் தனியாகப் பேசட்டும் என்று மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. நானும்தான்.

"ஒண்ணு மட்டும் கேக்குறேன்" என்றாள். "நாலு வருசமா வேண்டாம்னு சொன்னீகளாம். அன்னிக்கு என்ன நெனச்சுப் பூ பாத்தீக?"

அம்மன் சங்கதியில் பொய் சொல்லப் பயம். உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. நல்லவேளை கேட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். பின்னாலேயே ஓடினேன். (ஓடிப் பிடித்து என்ன செய்வதாக இருந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.)

கூடத்தில் எல்லாரும் கேசரித் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். சுபா சத்தமே போடாமல் அவள் அப்பாவிடம் சொன்னாள்: "அப்பா, இவுக கல்யாணத்துக்குப் பூ பாக்கலையாம். கையில வச்சு வெளையாடுற மிஷினு வாங்கலாமான்னு பாத்தாகளாம்."

அவர் தட்டைக் கீழே வைத்தார். வந்ததிலிருந்து என்னை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அதுக்கு வெள்ளை வந்துச்சாக்கும், தம்பி?"

ஆமாம் என்றேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மீதிக் கேசரியை யாரும் தொடவில்லை.

இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் யாராவது வாஷிங்மெஷின் வாங்கினால், பூ பார்த்தாச்சா என்று என்னைப் பார்த்துக்கொண்டு கேட்கிறார்கள். பூசாரி, எனக்கு மட்டும் வழக்கத்தை மாற்றிவிட்டார். என்ன காரியம் என்று சொன்னால்தான் பொட்டலம் கட்டுவாராம். சுபாவுக்கு நல்ல இடத்தில் முடிந்தது. எனக்கு இன்னும் ஆகவில்லை. மிஷினை வாங்கினேன், அந்தப் பாலத்தையும் பார்த்தேன். கொஞ்ச நாள் மூவரும் சேர்ந்து அதிலிருந்து விழுந்தோம். பிறகு செந்திலுக்குக் குழந்தை பிறந்தது, கதிருக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை வந்தது. இப்போது உள்ளே போனால் நான் மட்டும்தான் நடந்துகொண்டிருப்பேன். அம்மனைக் குறை சொல்ல முடியாது. வாங்கலாமா என்று மட்டும்தானே கேட்டேன்.

கல்யாண வீடுகளில் இந்தக் கதையைச் சொல்பவர்கள், ‘மாப்பிள்ளை’, ‘தம்பி’ ஆன இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். திரும்பி வந்த காரில் நடந்தது அவர்களுக்குத் தெரியாது. அத்தை முன்சீட்டில் அழுது தூங்கிப்போனாள். அம்மா என்னைத் திட்டவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. காரியாபட்டி தாண்டி வெகுதூரம் வந்தபிறகு, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"அம்மன்கிட்டப் போயிக் கேக்குற அளவுக்கு அதுல என்னடா இருக்கு?"

"செந்திலும் கதிரும் இருக்காங்கம்மா."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரே வீட்டில் இருந்தும், நான் இவ்வளவு தனியாக இருப்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். வீடு வரும்வரை என் கையை விடவில்லை. கார் நின்றதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வாங்கிக்கப்பா" என்றாள். "வெள்ளைதான வந்துச்சு."