விற்பனையாளரின் கடைவாய்ப் பல்

"கிர்ர்ர்ரீச்!"

செயற்கைப் பல் செய்யும் லேப் முழுவதும் அதிர்ந்தது. மேசை மேலிருந்த பிளாஸ்டர் தாடைகள் குளிரில் நடுங்குவது போல் பல்லை ஆட்டின. லேப் உரிமையாளர் காதைப் பொத்திக்கொண்டார். முகம் மட்டும் புது மாப்பிள்ளை போல மலர்ந்திருந்தது.

"முடிஞ்சு போச்சா, இல்ல உடைஞ்சு போச்சா?"

"முடிஞ்சுது சார்!" என்றார் மெஷின் விற்க வந்தவர். "உலோகத்தைக் குடைஞ்சு, பல்லு மேல மாட்டற ஒரு கேப். கை படல, வியர்வை சிந்தல!"

விலைதான் ஒரு வீட்டு விலை. மாலைக்குள் உரிமையாளர் கையெழுத்துப் போட்டால் மெஷின் இங்கேயே தங்கும், இல்லாவிட்டால் வண்டியேறிவிடும். லேபில் பாதிப் பங்கு மனைவியுடையது. உலோகத்தை உருக்கி கேப் வார்ப்பதும் அவள்தான். அவள் அசைந்து கொடுக்கவில்லை.

"சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு உலோகம் வாங்கி, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒண்ணு எடுக்கறீங்க. மிச்சத்தை என்ன செய்யறதாம்? நான் வார்த்தா மிச்சத்தை உருக்கிக்கலாம்."

"ஒரு தட்டுல இருபது கேப் எடுக்கலாம்மா!"

"இருபது வாய் வரணுமே! அதுக்குள்ள குடையற டிரில் பிட்டு தேயும். அது வேற தண்டம்."

அதனால்தான் இந்தப் போட்டி. ஒரே பல்லுக்கு மெஷினும் கேப் செய்யும், அவளும் வார்ப்பாள். சோதிக்க ஒரு வாய் வேண்டுமே? விற்பனையாளர் தன் கடைவாய்ப் பல்லையே பணயம் வைத்தார். மாடியிலிருந்த பல் டாக்டர் முந்தாநாளே அதைக் கேப் மாட்டச் சீவி, அச்சும் எடுத்து வைத்திருந்தார். மனைவி நேற்றே வார்த்துவிட்டாள்.

"வெட்டி எடுத்துப் பளபளப்பாக்கறதைப் பாலிஷ்காரர் பார்த்துக்குவார், வாங்க" என்று உரிமையாளர் விற்பனையாளரை டீக்கு அழைத்துப் போனார்.

திரும்பி வந்தபோது கிண்ணத்தில் இரண்டு கேப்கள் பளபளத்தன. பாலிஷ்காரர் சாப்பிடப் போயிருந்தார்.

"இதுல மெஷினுது எது?"

விற்பனையாளர் இரண்டையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். உரிமையாளர் மனைவியிடம் திரும்பினார்.

"உன்னுது எதும்மா?"

"நான் சொன்னா நம்பவா போறீங்க? நீங்களே கண்டுபிடிங்க."

தராசில் வைத்தார்கள். ஒன்று முடியளவு கனம் கூடுதல். அதுதான் மெஷினுடையது என்று உரிமையாளர் சிவப்பு மையால் பொட்டு வைத்தார். வாயில் வைக்கும் பொருளாயிற்றே என்று விற்பனையாளர் இரண்டையும் ஸ்பிரிட்டில் அலசினார். பொட்டு போயே போய்விட்டது. மறுபடி நிறுக்கப் போன அவசரத்தில் உரிமையாளரின் முழங்கை இடித்துத் தராசு தரையில் விழுந்தது. பிறகு அது எதை வைத்தாலும் பூஜ்யமே காட்டியது.

"எதுக்குத் தராசு? என் நாக்கு சொல்லும்" என்று விற்பனையாளர் மாடியேறினார். டாக்டர் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார்.

"ரெண்டும் கச்சிதமா உக்காருதே!"

"இல்ல டாக்டர், ரெண்டாவதுதான் மெஷின்! என்ன நேர்த்தி! அதையே ஒட்டிடுங்க."

ஒட்டிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக இறங்கி வந்தார். உரிமையாளர் பேனாவைத் திறந்தார்.

"இருங்க" என்றாள் மனைவி. "நல்லாக் கடிச்சுப் பாத்தீங்களா?"

"கல்லைக் கொடுங்கம்மா, பொடியாக்கறேன்! மனுஷக் கைக்கு இது வருமா?"

"அதையே உங்க கம்பெனித் தாள்ல எழுதிக் கொடுங்களேன். இந்த மாதிரி கேப் எங்கேயும் பாத்ததில்லன்னு."

அவர் உற்சாகமாக எழுதிக் கையெழுத்தும் போட்டார். அவள் அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அப்போது பாலிஷ்காரர் ஏப்பம் விட்டபடி உள்ளே வந்தார். மெஷின் கதவைத் திறந்து, அந்த அகலத் தட்டை இரண்டு கையாலும் வெளியே எடுத்தார்.

"சார், அக்கா ஒண்ணுக்கு ரெண்டா வார்த்துக் கொடுத்ததைப் பாலிஷ் போட்டுக் கிண்ணத்துல வெச்சுட்டேன். மெஷின் செஞ்சது இன்னும் தட்டோடவே ஒட்டிக்கிட்டு இருக்கே, இதை எப்ப வெட்டி எடுக்கறது?"