யானை மார்க்கும் கொக்கு மார்க்கும்

ஒரு காட்டில், செல்போன் டவர் நட்ட பிறகும் காடு என்றே சொல்லிக்கொண்டிருந்த ஒரு காட்டில், மாடக்கண்ணு என்றோர் உடும்பு கல்யாண வீடியோ தயாரித்துப் பிழைத்து வந்தது. பிடித்தால் விடாத இனமல்லவா? மரத்தைப் பிடிப்பதுபோலவே கருத்தையும் பிடித்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் விஷயத்தில் அது பிடித்துக்கொண்டிருந்த கருத்து ஒன்றுதான்: இரண்டு கம்பெனி ரேமை, அதாவது நினைவகத் தகட்டை, ஒரே கம்ப்யூட்டரில் போடக் கூடாது.

"யானை மார்க் பக்கத்துல கொக்கு மார்க்கைச் சொருகினா, கீரியையும் பாம்பையும் ஒரே பொந்துல விட்ட மாதிரி. பெட்டி புகைஞ்சு போகும்" என்று போகிற வருகிற விலங்குக்கெல்லாம் சொல்லும். இதை எங்கே படித்தாய் என்று யாரும் கேட்டதில்லை. நல்லவேளை, அதற்கே தெரியாது. அந்தப் பேச்சை நம்பித்தான் ஜெராக்ஸ் கடை முள்ளம்பன்றி, ஆசையாக வாங்கிய கொக்கு மார்க் ரேமைக் குரங்கு கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு தூக்கம் போட்டுவிடலாம் என்கிற பழைய வேகத்தோடு காலம் தள்ளியது.

அந்த ஆவணியில் காட்டில் நடக்காதது நடந்தது. கீரி வீட்டுப் பையனுக்கும் சாரைப்பாம்பு வீட்டுப் பெண்ணுக்கும் காதல் கல்யாணம். இரண்டு வீடும் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்திருந்தன. முதல்நாள் தாலிகட்டு முடிந்து, மறுநாள் மாலையில் வரவேற்பு. அங்கே பெரிய திரையில் கல்யாணப் படம் ஓட வேண்டும். ஓடாவிட்டால், கெடுத்தது நீதான் என்று இரண்டு வீடும் ஒன்றின்மேல் ஒன்று பாய்ந்துவிடும்.

வரவேற்பு நாள் காலையில் மாடக்கண்ணு மிச்ச வேலைக்கு உட்கார்ந்தது. படத்தில் மாப்பிள்ளைக் கீரி தாலியைக் கையிலெடுத்து, பாம்புக்குக் கழுத்து எது என்று தேடிக்கொண்டிருந்த இடத்தில் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. அணைத்துப் போட்டாலும் அதே இடத்தில் நின்றது. உள்ளே இருந்த ஒற்றை யானை மார்க் ரேமால் அவ்வளவு பெரிய படத்தைத் தாங்க முடியவில்லை. மாடக்கண்ணு வாலைத் தூக்கிக்கொண்டு குரங்கு கடைக்கு ஓடியது.

"யானை மார்க் இல்லையே அண்ணாச்சி" என்றது குரங்கு. "முள்ளம்பன்றி திருப்பிக் கொடுத்த கொக்கு மார்க் ஒண்ணுதான் கெடக்கு. ஆனா அது சேராதுன்னு நீங்கதான சொல்லுவீங்க?"

"எனக்கில்லப்பா. மச்சானுக்கு."

மாடக்கண்ணுவுக்கு மச்சானே கிடையாது.

கதவைச் சாத்திக்கொண்டு, திருட்டுத்தனம் செய்வதுபோல் அந்த ரேமைச் சொருகி, சுவிட்சைப் போட்டது. திரை இருட்டாகவே இருந்தது. 'பீப், பீப்' என்று பெட்டி அழுதது. முதலில் மாடக்கண்ணுவுக்கு வந்தது சந்தோஷம். "பாத்தீங்களா! நான்தான் சொன்னேன்ல!" என்று ஆளில்லாத அறையில் கத்தியது. பிறகுதான், பற்றி எரிவது தன் வீடு என்று உறைத்தது. பிளக்கைப் பிடுங்கிப்போட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தது.

அந்நேரம் பார்த்து மாப்பிள்ளையின் தாய்மாமன், வேலாண்டி என்ற கிழட்டுக் கீரி, உள்ளே வந்தது.

"என்னவே, படம் ரெடியா?"

"ரெண்டு கம்பெனி ரேம், அண்ணாச்சி. ஒத்துப்போக மாட்டேங்குது."

"எங்க வீட்டுக்கே பாம்பு மருமகளா வந்தாச்சு. இந்தத் துண்டுத் தகட்டுக்கு என்னவே வீம்பு?" என்று வேலாண்டி திறந்து கிடந்த பெட்டிக்குள் எட்டிப் பார்த்தது. கண் மங்கல், தடுமாறி முழங்கையை உள்ளே ஊன்றிவிட்டது. 'டக்' என்று ஒரு சத்தம்.

"ஐயையோ, உடைச்சிட்டீங்களே!"

மாடக்கண்ணு பிளக்கை மாட்டியது. திரை வெளிச்சமானது. இரண்டு ரேமும், மெதுவானது எதுவோ அதன் நடைக்கு நடந்து, அடக்கமாக வேலை பார்த்தன. ரேம் சரியாக அழுந்தாமல் இருந்திருக்கிறது, விஷயம் அவ்வளவுதான். போர்வீரர்கள் கோட்டைச் சுவர் ஏறவே தன் முப்பாட்டன் இடுப்பில் கயிறு கட்டினார்கள் என்று பெருமை பேசும் பரம்பரைக்கு, ஒரு விரல் நீளத் தகட்டை அழுத்தத் தெரியவில்லை. மாடக்கண்ணுவுக்குத் தன்னை நினைத்தே சிரிப்பு வந்தது. தாய்மாமன் பார்த்துக்கொண்டிருந்ததால் இருமல்போல் மாற்றிக்கொண்டது.

மாலையில் படம் ஓடியது. சாரைப்பாம்புச் சம்பந்தி கண்கலங்க, கீரிச் சம்பந்தி தோளில் கிடந்த துண்டை நீட்டியது.

பந்தியில் முள்ளம்பன்றி பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தது. "அண்ணாச்சி, வேலாண்டி சொன்னாரு, உங்க கம்ப்யூட்டர்ல ரெண்டு கம்பெனி ரேம் ஓடுதாமே?"

உண்மை மாடக்கண்ணுவின் தொண்டைவரை வந்தது. ஆனால் சுற்றியிருந்த தலைகள் அத்தனையும் மரியாதையோடு திரும்பின. உண்மை பாயசத்தோடு உள்ளே போய்விட்டது.

"ஓடும். ஆனா எல்லாருக்கும் கை வராது. பதம் பாத்துச் சேக்கணும்."

"போன வருஷம் எங்கிட்ட சேரவே சேராதுன்னீங்களே?"

"அது போன வருஷத்து ரேமாச்சே."

முள்ளம்பன்றி பயபக்தியோடு தலையாட்டியது. மறுநாள் காலையில் கம்ப்யூட்டரைச் சுமந்துகொண்டு மாடக்கண்ணுவின் வாசலில் நின்றது. அதற்குப் பின்னால் கரடியும் இரண்டு மயில்களும்.

நீதி: உன் கருத்து பொய்த்துப்போனால் வெட்கப்படாதே, எதிர்க்கருத்துக்கும் நீயே நிபுணனாகிவிடு. கேட்க வருகிறவர்கள் அதே ஆட்கள்தான்.