வானத்துப் பேய் பேசிய தமிழ்

மாமியாரைத் திட்டுவதென்றால் இடம் பார்த்துத் திட்ட வேண்டும். ஊர்ப்பக்கத்துப் பெண்களுக்குக் கவலையில்லை. கோபம் வந்தால் பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போய் ஆசை தீரத் திட்டிவிட்டு வருவார்கள். அந்தமானில் வாழ்க்கைப்பட்ட எனக்கு அம்மா வீடு கடலுக்கு அந்தப் பக்கம். அதனால் நான் சினிமாவில் திட்டினேன்.

வண்டூருக்கு நான் வந்த புதிது. மெயின்லேண்டிலிருந்து ஓர் இந்திப் படக் கூட்டம் வந்து இறங்கியது. வேறு கிரகத்துப் பேய்கள் தீவில் இறங்கி, ஒரு விஞ்ஞானியின் மகளைத் தூக்கிப் போகிற கதை. பறக்கும் கப்பலைத் தகரத்தில் செய்திருந்தார்கள். காற்றடித்தால் நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும். (அவ்வளவு ஏழைக் கிரகம்.) பேய்களாக நிற்க எங்களைக் கூப்பிட்டார்கள். பூரி போடுவார்கள் என்றார்கள். கிளிஞ்சல் பொறுக்கப் போவதாக அத்தையிடம் சொல்லிவிட்டு நானும் போனேன்.

டைரக்டர் எங்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தார். சிவப்பாயிருந்த ஒரு பெங்காலிப் பெண் விஞ்ஞானி மகளுக்குத் தோழியானாள். மிச்சமிருந்த தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர், தமிழர் எல்லாரும் பேய். முகத்தில் பச்சைச் சாயம் பூசிக்கொண்டே வந்தவர்கள் என்னிடம் வந்ததும் நின்றார்கள். "இவளுக்குச் சாயம் வேண்டாம், இப்படியே போதும்" என்று டைரக்டர் இந்தியில் சொன்னார். மூக்கும் முழியுமாய் இருப்பேன் நான். ரத்தம் கொதித்தது.

பேய்கள் என்ன பாஷை பேசும் என்று கேட்டோம். "அவங்கவங்க பாஷையில கத்துங்க, பாக்குறவனுக்கு எங்க புரியப்போகுது? கோபமா, ஜோர்சே, பலமா!" என்றார். கோபத்துக்கா பஞ்சம்? அன்று காலையில் அத்தையோடு நடந்த சண்டையை நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

வேறெங்கும் ஓடாத அந்தப் படம், அடுத்த வருஷம் படவண்டியில் எங்கள் பள்ளிக்கூட மைதானத்துக்கே வந்து சேர்ந்தது. அத்தைக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவில் பாயில் உட்கார்ந்திருந்தேன். தகரக் கப்பல் ஆடி ஆடி இறங்கியதும் முந்தானையை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டேன். "அடுத்த கப்பல்ல ஏத்தி ஒங்கப்பன்ட்ட அனுப்பிருவேன்" என்பதுதான் அத்தையின் ஒரே மிரட்டல். சொன்னால் செய்யக்கூடியவர்.

"அத்த, தலைய வலிக்கி. வீட்டுக்குப் போவமா?"

"சும்மா கெடட்டீ. இப்பத்தான பேயி வருது."

வந்தது. பச்சை முகங்கள் எல்லாம் ஒன்றுபோலக் கடந்து போயின. கடைசியில் திரை முழுக்க, சாயமில்லாத என் மூஞ்சி!

"எண்ணெயச் சொட்டு எண்ணி ஊத்துற கெழவி! உப்புக்கும் பூட்டுப் போட்ட பிசுநாறி! ஒன்னயத் தூக்கிட்டுப் போகத்தாண்டி வந்துருக்கேன்!"

பெங்காலிப் பிள்ளைகள் பயத்தில் அலறின. தமிழ்க் குடும்பங்கள் விழுந்து விழுந்து சிரித்தன. என் வீட்டுக்காரர் பாயைவிட்டே தள்ளி உட்கார்ந்துவிட்டார். அத்தை மட்டும் சத்தமில்லாமல் எழுந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். கப்பல்தான், சந்தேகமேயில்லை. தரதரவென்று கூட்டத்துக்குள் இழுத்துப்போய், படம் ஓட்டுகிறவனுக்கு முன்னால், வெளிச்சத்தில் என்னை நிறுத்தினார்.

"ஏல, என் மருமவ மூஞ்சிய நல்லாப் பாருல. இதுவா பேயி? கறுப்பாப் பொறந்தா பேயா? அப்பம் நான் யாருல? அந்தச் செவத்தவளப் பேயாக்கிட்டு இவள விஞ்ஞானி மவளாப் போட்டா ஒங்க கேமரா வெடிச்சிருமோ?"

அவனுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. எங்கள் இரண்டு பேர் நிழலும் திரையில் பூதாகாரமாய் விழ, "தூஸ்ரா பூத்!" என்று, இன்னொரு பேய் வந்துவிட்டதாகக் கத்திக்கொண்டு பிள்ளைகள் ஓட்டமெடுத்தன. மைதானமே காலி.

திரும்பி நடக்கும்போது நானாகவே ஆரம்பித்தேன். "அத்த, அந்த உப்பு விசயம்..."

"அத வீட்ல பேசிக்கிடுவோம்."

வீட்டுக்கு வந்தோம். பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அதன்பிறகு எத்தனையோ வருஷம் இருந்தார், கடைசிவரை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவர் தொண்டையைச் செருமினாலே 'இதோ வந்துவிட்டது' என்று கையில் கிடைத்த வேலையைப் பிடித்துக்கொள்வேன். திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் தப்புச் செய்து மாட்டிக்கொண்டாலும் யாரும் சத்தம் போடுவதில்லை. "அத வீட்ல பேசிக்கிடுவோம்" என்பார்கள், அவ்வளவுதான். மாட்டிக்கொண்ட ஆள் பேசாமல் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுவார்.